பேரிக்காய் மரத்தடி வளைவு

இன்ஜின் மறுபடியும் கவிழ்ந்தது.

காலையில் பெய்த மழை விட்டு, பனிமூட்டம் தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். மேலிருந்து இறங்கி வந்த ரயில், பேரிக்காய் மரத்தடி வளைவை நெருங்கியதும் லேசாக ஆடியது. முன்சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறியது. அப்புறம் இரண்டு பெட்டிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஈரப் புல்லில் சாய்ந்தது. சாய்ந்த பிறகும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

எங்கள் வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். இன்ஜினை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். தேயிலை ஃபேக்டரியில் காலமெல்லாம் ஃபிட்டராக இருந்தவர். ஒரு போல்ட் சரியாக உட்காராவிட்டால் ஊரையே திட்டித் தீர்க்கிற மனிதர், தன் ரயில் கவிழும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு விளங்கவில்லை.

வழக்கம்போல நான்தான் பேசினேன். அந்த மேட்டை வெட்டிவிட்டுப் பாதையை நேராகப் போடுங்கள், சனியன் ஒழிந்தது என்றேன். அவரும் வழக்கமான பதிலையே சொன்னார்.

"அடியில பாறை கெடக்குது புள்ள. தோண்ட முடியாது."

இத்தனை வாரமும் இந்தத் தொடரில் ஊரார் வீட்டுப் பிரசவங்களைப் பற்றித்தான் எழுதிவந்தேன். கிராம சுகாதார நர்சாக மலை மலையாக ஏறி இறங்கிய கதைகளைப் பொறுமையாகப் படித்து வருகிறீர்கள். இந்த வாரம் என் வீட்டுக்குள் வருகிறேன். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுது என்றார்.

கோத்தகிரிக்கு வராத ரயில்

ஊட்டிக்கு ரயில் உண்டு. குன்னூருக்கு உண்டு. கோத்தகிரிக்கு மட்டும் கிடையாது. இந்தக் குறை எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரொம்ப நாளாக உண்டு. ரிட்டையர் ஆன பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தன் தோட்டத்தில் குட்டி ரயில் விடுவதைச் செல்போனில் பார்த்துவிட்டு, அந்தக் குறையைத் தானே தீர்த்துவைக்கப் போவதாக இவர் அறிவித்தார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போடத் தெரியாத ஆளுக்கு ரயில் ஒன்றுதான் குறைச்சல் என்றேன்.

எங்கள் வீடு கீழ் கோத்தகிரி போகும் சாலையோரத்தில் இருக்கிறது. மாமனார் காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து, காய்கறி வியாபாரம் செய்து வாங்கிய இடம். சரிவான நிலம் என்பதால் மூன்று மட்டமாக வெட்டியிருக்கிறது. மேலே வீடு. நடுவில் பீன்ஸ், கேரட், அதன் ஓரத்தில் பேரிக்காய் மரம். கீழே கேட். ரயில் வீட்டு வாசலில் புறப்பட்டு, கேட் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும் என்பது திட்டம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஊட்டி ரயிலா என்று கேட்டார்கள். அதில் இவருக்குக் கோபம் வரும். ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், அதைப் பொம்மை ரயில் என்று சொல்வதே தப்பு, இதுதான் நேரோ கேஜ் என்று நிற்கவைத்துப் பாடம் எடுப்பார். இவருடைய பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்று விரல்தான் வைக்கலாம்.

தண்டவாளத்துக்கு அலுமினியப் பட்டைகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தன. அதற்கு அடியில் கொடுக்கிற கட்டைகளுக்குத் தேயிலை வேர். பக்கத்து எஸ்டேட்டில் வயதான செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். தேயிலைக் கட்டை லேசில் உளுத்துப்போகாது. அதை விரல் நீளத்துக்கு அறுத்துக் கழிவு எண்ணெயில் ஊறவைத்தார். ஜல்லி சலிக்க, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட தூள் சல்லடை. வீடு முழுக்க டீ வாசனையும் கல் தூசியும் கலந்து அடித்தது.

மட்டம் பார்ப்பதற்கு நீளமான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்து அசையாமல் நிற்கச் சொல்வார். அடுப்பில் சோறு பொங்கி வழிவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நான் குழாயைப் பிடித்து நின்றிருக்கிறேன்.

இன்ஜினின் அடிப்பாகத்தை மகள் சுமதி ஆன்லைனில் வாங்கி அனுப்பினாள். பேட்டரியில் ஓடுவது. மேல்கூட்டைப் பால்பவுடர் டின்னை வெட்டி இவரே செய்தார்.

சுமதி கோயம்புத்தூரில் இருக்கிறாள். அப்பாவுக்குக் குளிர்காலத்தில் மூச்சு இரைக்கிறது, இந்த இடத்தை விற்றுவிட்டுக் கீழே வந்துவிடுங்கள் என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்வாள். எனக்குச் சம்மதம்தான். இவர்தான் பிடி கொடுக்கமாட்டார். ரயில் முடியட்டும், பார்க்கலாம் என்பார். ரயிலோ முடிகிற வழியாக இல்லை. மற்ற இடங்களிலெல்லாம் அழகாக இறங்கி வருகிற பாதை, பேரிக்காய் மரத்தடிக்கு வந்ததும் ஒரு சின்ன மேட்டைச் சுற்றிக்கொண்டு வெடுக்கென்று திரும்பியது. அந்த இடத்தில்தான் நாளொரு தரம் கவிழ்ந்தது. வெளிப் பக்கத் தண்டவாளத்தை உயர்த்திப் பார்த்தார், கிரீஸ் தடவிப் பார்த்தார், வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். மேட்டை வெட்டுவதற்கு மட்டும் மனம் வரவில்லை.

பெற்றவளிடம் சொல்லாதது

எங்களுக்கு முதலில் பிறந்தது மகன். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டான்.

பிறந்ததிலிருந்தே மூச்சுக்குச் சிரமப்பட்டான். எனக்கு அப்போது நர்ஸ் வேலை புதிது. கையில் வைத்திருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், தரமாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கைக்குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். ஆண்கள்தான் எடுத்துப்போவார்கள். எங்கே வைத்தார்கள் என்று பெற்றவளிடம் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது. சொன்னால் அவள் மனசு அந்த இடத்தையே சுற்றும், அடுத்தது தங்காது என்பார்கள். மாமியார் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கும்போதே, என்ன ஆனாலும் இவளிடம் சொல்ல மாட்டேன் என்று தன் மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

என்னை உள்ளறையில் ஜன்னலைச் சாத்திப் படுக்கவைத்தார்கள். வெளியே பெருமழை. மாமனாரும் இவரும் போனார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் தலை முழுகிய ஈரத்தோடு நின்றார்கள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்க, இவர்கள் பள்ளத்தில் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். பள்ளம் என்றால் எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடுகிற ஓடை. அப்படியானால் பள்ளத்தோரம்தான் வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டூட்டிக்குப் போகிற பஸ் அந்தப் பள்ளத்துப் பாலத்தைக் கடந்துதான் போகும். போகும்போதும் வரும்போதும் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்ப்பேன். தண்ணீரை ஒட்டி ஒரு பெரிய கல் உண்டு. அதன் பக்கத்தில் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டேன். கூட்டமான நாளில் நின்றுகொண்டு வந்தாலும் குனிந்தாவது பார்த்துவிடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இவரிடமும்தான்.

வாய்விட்டுக் கேட்டதும் உண்டு. சுமதி பிறந்து, அவள் நடக்க ஆரம்பித்த பிறகு ஒருமுறை கேட்டேன். மாமியார் காலமான பிறகு ஒருமுறை கேட்டேன். இரண்டு முறையும் இவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் சாவதற்குள் என் பிள்ளை இருக்கிற இடம் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவே இல்லை. எனக்கு வேறு பெரிய ஆசைகள் கிடையாது.

ராக்கம்மாவின் செடி

நடுவில் சில வருடங்கள் எனக்குப் பந்தலூர் பக்கம் வேலை. இவர் இங்கே ஃபேக்டரியில், நான் அங்கே குவார்ட்டர்ஸில். அங்குள்ள எஸ்டேட்டுகளில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய.

ராக்கம்மா அப்படிக் கப்பலேறி வந்தவர். இங்கே வந்த புதிதில் ஒரு கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். ஒரு நாள் தடுப்பூசி போடப் போனபோது, தேயிலைக்கு நடுவே ஒரே ஒரு செடி மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாக நிற்பதைப் பார்த்தேன். கவ்வாத்து வெட்டுகிறவர்கள் எல்லாச் செடியையும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு அதை மட்டும் விட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். என் பிள்ளை அடியில் இருக்கிறது, அதனால் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள் என்று ராக்கம்மா சாதாரணமாகச் சொன்னார். கொழுந்து பறிக்கும்போது அந்தப் பக்கம் வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாராம்.

எனக்கும் ஒன்று போனதைச் சொன்னேன். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளத்தோரம் என்றேன். போய்ப் பார்ப்பதுண்டா என்றார். எனக்குச் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்பது வழக்கம் என்றேன்.

"பாக்காம எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் ராக்கம்மா.

ஊசிப் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினேன். அந்த ஊரில் இருந்தவரைக்கும் அந்தச் செடியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

கடப்பாரை

பனிமூட்டத்தில் ரயில் கவிழ்ந்த அன்றைக்கு மறுநாள், இவர் மாத்திரை வாங்கக் கோத்தகிரிக்குப் போனார். போனால் டீக்கடைப் பேச்சு எல்லாம் முடித்துவிட்டு மத்தியானம்தான் வருவார். நான் மாரிமுத்துவுக்குப் போன் செய்தேன். பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறவன், கூலி வேலைக்கு வருவான். அவன் பிறந்ததே என் கையில்தான் என்பதால், கூப்பிட்டால் மறுக்கமாட்டான்.

அந்த மேட்டில் இருக்கிற பாறையை உடைத்துச் சமன் செய்து வைக்கச் சொன்னேன். இவர் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். முழங்கால் வலியோடு தினமும் குனிந்து குனிந்து இன்ஜினைத் தூக்குகிற மனிதரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மாரிமுத்து தண்டவாளத்தைப் பத்திரமாகக் கழற்றி ஓரமாக வைத்தான். மேட்டின் விளிம்பில் நின்று கடப்பாரையை ஓங்கிப் போட்டான். கல்லில் மோதுகிற சத்தத்துக்காகக் காத்து நின்றேன். சத்தம் வரவில்லை. கடப்பாரை ஒரு முழம் உள்ளே இறங்கி நின்றது.

"பாறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க நர்சம்மா. மண்ணு மெத்துமெத்துனு கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, மேட்டின் நடுவில் ஏறி நின்று இரண்டாவது முறை ஓங்கினான்.

நிறுத்து என்று நான் கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அவன் பயந்துபோய்க் கடப்பாரையைத் தாழ்த்தினான்.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த மேட்டில் கொத்தமல்லி போட்டு அறுத்திருக்கிறோம். பிள்ளை போனதற்குப் பிறகு அங்கே உருளைக்கிழங்கு போடலாம் என்று நான் சொன்னபோது, அடியில் பாறை என்றார். கக்கூஸ் குழி எடுக்க அதுதான் தோதான இடம் என்று கொத்தனார் சொன்னபோதும் பாறை என்றார். ஃபிட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கொத்தனாரும் நம்பினார், நானும் நம்பினேன்.

மாரிமுத்துவிடம் அந்தத் துளையைக் கையாலேயே மூடச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் உடனே மூடினான். டீ கூடக் குடிக்காமல், கடப்பாரையை மரத்தில் சாய்த்துவிட்டுப் போனான். நான் புல்லில் உட்கார்ந்து மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் இவர் கேட்டைத் திறந்தார். மரத்தில் சாய்ந்திருந்த கடப்பாரையைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மண்ணைத்தான் பார்த்தார்.

"ஆழமா எறங்கிருச்சா?" என்று கேட்டார்.

ஓரத்தில்தான், ஒரு முழம்தான் என்றேன். அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். துக்கமெல்லாம் அப்புறம்தான். அவரைச் சாதாரணமாக எதிர்த்துப் பேசுகிறவள்தான் நான், ஆனால் அன்று என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"இத்தன வருசமா பஸ்ஸுல உக்காந்து அந்தப் பள்ளத்தப் பாத்துட்டுப் போனனுங்க. ஒரு நாள் தவறாமப் பாத்தனுங்க. இவன் இங்க இருக்கறானே, ஊட்டு வாசல்ல."

பஸ் விஷயம் அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டதும் அவர் முகம் சிறுத்துப்போனது. பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். அன்றைக்குப் பள்ளத்தோரம் கொண்டுபோனது உண்மைதான். மழையில் பள்ளம் கரை தட்டி ஓடியிருக்கிறது. இங்கே வைத்தால் தண்ணீர் கொண்டுபோய்விடும் என்று மாமனார் திருப்பி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். நம் மண்ணிலேயே இருக்கட்டும் என்று இந்த மேட்டில் வைத்துவிட்டு, மறுபடி போய்ப் பள்ளத்தில் குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

அத்தை போன பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா நீ இந்த ஊட்ல இருக்க மாட்டீனு பயந்துட்டேன் புள்ள. நீ கெளம்பீட்டா நானும் வரோணும். இவன் மட்டும் தனியா கெடப்பான்."

கோயம்புத்தூருக்கு ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று எனக்கும் சுமதிக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. பிடிவாதக்காரர் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து குறை சொல்லியிருக்கிறோம்.

சரி, ரயிலை ஏன் இந்தப் பக்கம் விட்டீர்கள், அந்த ஓரமாகச் சுவரை ஒட்டியே கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்டேன். அப்படிப் போட்டிருந்தால் வளைவும் இல்லை, கவிழ்வதும் இல்லை.

"எனக்கு அது தெரியாதா? அவனுக்கு ஒரு கிலுகிலுப்பை கூட வாங்கித் தரல. சுத்தி வரட்டும்னுதான் போட்டேன்."

அப்போதுதான் நான் அழுதேன். அவரும் அழுதார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பீன்ஸ் பாத்தி

அடுத்த வாரம் வளைவைப் பெரிதாக்கினோம். இடம் போதவில்லை. என் பீன்ஸ் பாத்தியில் பாதியை நானே வெட்டிக் கொடுத்தேன், காய்த்துக்கொண்டிருந்த பாத்தி. குழாயின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் பிடித்தார். அவர் சொல்லாமலேயே அசையாமல் நின்றேன். மேட்டில் ஒரு மண்கட்டி கூடப் பெயராமல், அதை முழுசாகச் சுற்றிக்கொண்டு பாதை போனது.

சுமதிக்குப் போனில் சொன்னேன். அப்பா மூச்சுக்கு ஒரு ஹீட்டர் வாங்கி அனுப்புகிறேன் என்றாள். வீட்டை விற்கிற பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு மத்தியானம் ரயிலை விட்டோம். வீட்டு வாசலில் புறப்பட்டு, இறங்கி, மரத்தடிக்கு வந்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு ஆடாமல் போனது. கேட்டில் திரும்பி மறுபடியும் வந்தது. நான் மேட்டுக்குக் கீழ்ப்பக்கம், புல்லில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தேன். அவர் ரிமோட்டோடு மரத்தில் சாய்ந்து நின்றார்.

அன்றைக்கு அழுகையில் கேட்க விட்டுப்போன ஒன்று எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதை அப்போது கேட்டேன்.

"தலை எந்தப் பக்கமுங்க?"

அவர் ரயிலை நிறுத்தினார். கை நீட்டிக் காட்டினார்.

"தெக்கால. ஊட்டுப் பக்கம்."

நான் சாக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.